பிள்ளையின் மணிக்கட்டு கோணலா? சுளுக்கு என்று விட்டுவிடாதீர்!



பத்துப் பன்னிரண்டு வயதுப் பெண்பிள்ளை "கை வலிக்குதும்மா" என்கிறாள். வாளி தூக்கினால் வலி, துணி பிழிந்தால் வலி. மணிக்கட்டின் மேலே, சுண்டுவிரல் பக்கம் எலும்பு புடைத்து நிற்கிறது. நாம் என்ன சொல்வோம்? "சுளுக்குதான், தைலம் போட்டு நீவினா சரியாப் போயிடும்." நீவி நீவியே மாதங்கள் ஓடிவிடும்.

முன்கையில் இரண்டு எலும்புகள் உண்டு. வளரும் பிள்ளைக்கு அவற்றின் நுனியில் குருத்துத் தட்டு இருக்கும். எலும்பு நீளுவது அங்கேதான். கட்டைவிரல் பக்கத்து எலும்பின் தட்டில் ஒரு பகுதி மட்டும் வளராமல் பின்தங்கினால், அந்த எலும்பு வளையும். பக்கத்து எலும்பு புடைக்கும். 1878-இல் இதை விவரித்த ஜெர்மானிய டாக்டர் ஓட்டோ மாடலுங் பெயரால் இதற்கு மாடலுங் கோணல் என்று பெயர். பெண்பிள்ளைகளுக்கே அதிகம். பெரும்பாலும் 8 முதல் 14 வயதுக்குள், இரண்டு கையிலும் தெரியும். சில குடும்பங்களில் வழிவழியாக வரும்.

கீழே விழுந்து குருத்துத் தட்டில் அடிபட்டாலும் இதைப் போன்ற கோணல் வரலாம். அது அடிபட்ட கையில் மட்டும், பல மாதம் கழித்துத் தலைகாட்டும். ஆகவே பழைய அடியை டாக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.

கண்டுபிடிப்பது எப்படி? டாக்டர் கையைத் திருப்பி, மடக்கிப் பார்ப்பார். பிறகு எக்ஸ்ரே. நேராக ஒன்று, பக்கவாட்டில் ஒன்று. ஒப்பிட்டுப் பார்க்க இரண்டு கைக்கும் எடுப்பது நல்லது. குருத்து, படத்தில் கறுப்புக் கோடாகத் தெரியும். அது எங்கே மூடிவிட்டது, எலும்பு எவ்வளவு சாய்ந்துள்ளது என்று அளப்பார்கள். சில பிள்ளைகளுக்குத் தடித்த நார் ஒன்று எலும்பை இழுத்துப் பிடித்திருக்கும். அது எக்ஸ்ரேயில் தெரியாது, எம்.ஆர்.ஐ. படத்தில் தெரியும்.

கோணல் என்றாலே கத்தி என்று பயப்பட வேண்டாம். வலியில்லாத பிள்ளையை அவ்வப்போது படம் எடுத்துக் கவனித்து வந்தாலே போதும். வலி அதிகமானால், வளர்ச்சி நிற்கும் முன்பே அந்த நாரை வெட்டி, கெட்ட குருத்தை நீக்கிவிடலாம். எலும்பு மேற்கொண்டு நேராக வளர வழி உண்டு. வளர்ச்சி முடிந்த பிறகோ எலும்பையே வெட்டித்தான் நிமிர்த்தணும்.

ஒரு நாள் கூலி போகுதே என்று தயங்காதீர். அரசாங்கக் கிளினிக்கில் காட்டி, எலும்பு டாக்டருக்குக் கடிதம் கேளுங்கள். பழைய படங்களையும் கையோடு கொண்டு போங்கள். உழைத்துப் பிழைக்கும் நமக்குக் கைதானே சொத்து!