மேய்ச்சல் உரிமையும் மேய்ச்சல் உரிமமும்

'உரிமை', 'உரிமம்' என்னும் இரு சொற்களும் 'உரி' என்னும் ஓரடியிற் பிறந்தவை. ஆயினும் இன்றைய ஆட்சித் தமிழில் இவை தம்முள் முரணும் பொருளன. உரிமையாவது ஒருவற்கு இயல்பாகவே உரியது, பிறர் தரவேண்டுவதன்று. உரிமமோ, பிறர் ஒருவர் தருவதால் வருவது. அவர் வகுத்த வரையறைக்குள் நிற்பது. அவர் மறுப்பின் அற்றுப்போவது. தன் வீட்டினுள் நுழைதற்கு எவனும் உரிமம் கேளான். உடுமலைப்பேட்டைக்குத் தெற்கே எழுந்து நிற்கும் ஆனைமலைத் தொடரில் வாழும் மலைமக்களின் மேய்ச்சல் நிலம், முன்னைச் சொல்லினின்று பின்னைச் சொல்லுக்கு மாறிய வரலாற்றினை ஈண்டு ஆராய்கின்றோம்.

கொங்குச் சமவெளியில் இச்சிக்கல் இவ்வுருவில் எழவில்லை. காங்கேயம், தாராபுரம் பக்கங்களில் 'கொறங்காடு' என வழங்கும் மேய்ச்சற்காடுகளைப் பலரும் அறிவர். சுற்றிலும் கிளுவை வேலி, உள்ளே கொழுக்கட்டைப் புல்லும் வெள்வேல மரமும், வாயிலில் ஒரு படல். இவை உழவர்தம் பட்டா நிலங்கள். அயலான் ஒருவன் தன் மாட்டினை அங்கு விடவேண்டின் நிலத்துக்குரியவனைக் கேட்டுக் குத்தகை பேசுவான். உரியவன் யாவன், இரப்பவன் யாவன் என்பதில் ஐயமில்லை.

மலையிலோ பட்டா இல்லை. குருமலை, குழிப்பட்டி, மாவடப்பு, தளிஞ்சி முதலிய மலையூர்களைத் தாங்கி நிற்கும் இத்தொடர் முதுவர், புலையர், மலசர், காடர் ஆகியோர்தம் வாழ்நிலம். அவர்தம் உரிமைக்குச் சான்று ஓலையிலோ தாளிலோ இல்லை, வழக்கில் இருந்தது. வழக்கினை உரிமையாகக் கொள்வதா என்பதே பத்தொன்பதாம் நூற்றாண்டின் பெருவினா ஆயிற்று.

இவ்வினாவிற்குச் சென்னை மாகாணத்தின் வருவாய் வாரியம் 1871-இல் கூறிய விடை இன்று படிப்பாரை வியப்பில் ஆழ்த்தும். இம்மாகாணத்துக் காடுகளுள் ஏதேனும் ஓர் ஊரின் எல்லைக்குள் அடங்காதது அரிது என்றும், அவற்றின்மேல் அரசு தனியுடைமை கொண்டாடியதாகத் தெரியவில்லை என்றும் அவ்வாரியம் எழுதிற்று. காட்டுச் சட்டம் இயற்றுவதையும் எதிர்த்தது. எழுதியவர் அரசினை எதிர்க்கும் கிளர்ச்சியாளர் அல்லர். வரி தண்டும் அரசின் தலைமை அலுவலர்களே.

எனினும் வேறொரு கொள்கை வலுப்பெற்று வந்தது. 1874-ஆம் ஆண்டுக் காட்டியல் மாநாட்டில் பேடன் பவல் என்பார், குடிகள் காட்டிற் பெற்றுவந்த பயன்களுட் பெரும்பாலன உரிமைகள் அல்ல, அரசு பொறுத்துக்கொண்ட சலுகைகளே என வாதிட்டார். பிராந்திசு முதலியோர் ஊர்வழக்குகளை மதிக்கவேண்டும் எனக் கருதினர். இப்பூசல் வெறுஞ் சொற்பூசல் அன்று. உரிமையைப் பறித்தால் ஈடு தரவேண்டும். சலுகையை நிறுத்தினால் ஈடு வேண்டுவதில்லை. பெயரை மாற்றிய அளவில் பொருளே கைமாறிவிடும்.

இந்தியக் காட்டுச் சட்டம் 1878-இல் பிறந்தது. சென்னை அதனுட் சேராது, 1882-இல் தன் ஐந்தாம் சட்டமாகச் சென்னைக் காட்டுச் சட்டத்தினை இயற்றிக்கொண்டது. இதன் நடைமுறையைச் சிறிது விரித்துரைத்தல் வேண்டும். குறித்தவொரு நிலத்தை ஒதுக்குக்காடு ஆக்கக் கருதின் அரசு நான்காம் பிரிவின்படி அறிவிப்பு வெளியிடும். காட்டுத் தீர்வு அலுவலர் வட்டத் தலைமையிடத்திலும் அண்டையூர்களிலும் பறைசாற்றுவிப்பார். மூன்று திங்களுக்குக் குறையாததொரு தவணை குறிக்கப்படும். மேய்ச்சல், வழி, நீர், காட்டு விளைபொருள் ஆகியவற்றில் உரிமை கொண்டாடுவோர் அத்தவணைக்குள் முறையிடல் வேண்டும். பதினாறாம் பிரிவின்படி இறுதி அறிவிப்பு வந்தபின், முறையிடப்படாத உரிமைகள் அழிந்தனவாகவே கொள்ளப்படும். இம்முறையில் வெளிப்படையான வன்முறை யாதும் இல்லை. உடைமையை அழித்தது மலைமக்களின் மௌனமே என்று ஏடு கூறும். எழுத்தறியாத, பல நாழிகை நடந்தே வட்டத் தலைமையிடம் சேரவேண்டிய மக்களின் மௌனத்தைச் சட்டம் இசைவாகப் படித்தது என்பதே எம் கருத்து.

ஒதுக்கப்பட்ட காட்டில் இசைவின்றிக் கால்நடை விடுதல் இருபத்தோராம் பிரிவின்படி குற்றம். ஒதுக்கப்படாத நிலங்களிலும் மேய்ச்சலை ஒழுங்குபடுத்த இருபத்தாறாம் பிரிவு இடந்தந்தது. இதன்பின் வந்ததே அனுமதிச் சீட்டு. தலையெண்ணிக் கட்டணம், எருமைக்கு மிகுதி, பசுவுக்குக் குறைவு, செம்மறிக்கு அதனினும் குறைவு. இளந்தளிரைக் கடிப்பதாகிய வெள்ளாட்டின்மேல் காட்டுத்துறைக்குத் தீராப் பகை. அதற்குப் பலவிடங்களில் இசைவே இல்லை. ஏழையின் செல்வம் வெள்ளாடு என்பதை ஈண்டு நினைவு கூர்க. சீட்டின்றி நுழைந்த மாடு, 1871-ஆம் ஆண்டின் கால்நடை அத்துமீறற் சட்டப்படி கொண்டித்தொழுவுக்கு ஓட்டப்படும். 'பவுண்டு' என்று ஊரார் இதனையே கூறுவர்.

இச்சீட்டினால் விளைந்த மாற்றத்துட் பெரிது கட்டணம் அன்று. சீட்டு வழங்கும் மேசையின் முன்னே மலைமகனும், மந்தையோடு அடிவாரத்தினின்று ஏறிவந்த அயலானும் ஒருநிகராயினர். கொறங்காட்டில் இரப்பவன் அயலான். இங்கே உரியவனும் அவனோடு ஒருங்கே நின்று இரந்தான்.

கொங்கின் வடமேற்கே, கோயம்புத்தூர் மாவட்டத்தோடு நெடுங்காலம் இணைந்திருந்து 1868-இல் தனி ஆட்சிப்பகுதியாய்ப் பிரிந்த நீலமலையில் இம்மாற்றம் முன்னரே நிகழ்ந்தது. கோயம்புத்தூர் ஆட்சியர் சல்லிவன், தோதவரே மலைநிலத்தின் உடைமையாளர், நிலங் கொள்வோர் அவர்க்கு ஈடு தரவேண்டும் என்றார். 1827 முதல் 1832 வரை ஆளுநராயிருந்த லசிங்டன் அதனை மறுத்தார். நெடிய எழுத்துப்போரின் பின், 1843-இல், தோதவர்க்குள்ளது உடைமையன்று, எருமை மேய்க்கும் வழக்குரிமையே என்னும் கொள்கை நிலைபெற்றது. ஆனைமலையில் அவ்வாறு வாதாடுதற்கு ஒரு சல்லிவன் வாய்த்திலன்.

தெலுங்கு நாட்டில் இக்கட்டணத்தின் பெயர் 'புல்லரி'. நம் 'புல்வரி'யோடு ஒப்பிட்டு நோக்கத்தக்க சொல் இது. பல்நாட்டில் 1921-22-இல் மக்கள் அதனைச் செலுத்த மறுத்தனர். அப்போராட்டத்தின் தலைவர் கன்னெகண்டி அனுமந்து சுட்டுக் கொல்லப்பட்டார். வரி என்றமையின் மறுத்தல் கூடிற்று. சலுகை என்றால் எதனை மறுப்பது?

2006-ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் மேய்ச்சலை மீண்டும் உரிமை என்றே பெயரிட்டது. நிலைத்து மேய்ப்பார்க்கும் இடம்பெயர்ந்து மேய்ப்பார்க்கும் அவ்வுரிமை உண்டு என மூன்றாம் பிரிவிற் கூறிற்று. ஆனைமலை 2007-இல் புலிகள் காப்பகம் ஆயிற்று. உடுமலை, அமராவதிக் காட்டுச் சரகங்கள் அதனுள் அடங்குவன. 2022 மார்ச்சுத் திங்களில் சென்னை உயர்நீதிமன்றம் தமிழகக் காடுகள் அனைத்திலும் கால்நடை மேய்த்தலைத் தடைசெய்து, சின்னாட்களில் அத்தடையைப் புலிகள் காப்பகம், தேசியப் பூங்கா, சரணாலயம் என்னும் அளவிற்குச் சுருக்கிற்று. சுருக்கிய பின்னரும் தளிஞ்சியும் குழிப்பட்டியும் அத்தடையின் எல்லைக்குள்ளேயே நின்றன.