ஆதார் இருந்தால் இந்தியர் ஆகிட முடியுமா? வெளிநாட்டில் இருந்து வந்தவர்களுக்கு சட்டம் சொல்வது என்ன

தாம்பரம்:

ஆதார் கார்டு கையில் இருக்கு, கேஸ் கனெக்ஷனும் வந்தாச்சு, இனி நாமும் இந்தியர்தான் என்று நினைத்தால் தப்பு. தாம்பரம், குரோம்பேட்டை, பல்லாவரம் பக்கம் எத்தனை வருஷம் வாடகை கொடுத்து குடியிருந்தாலும், வெளிநாட்டில் இருந்து வந்தவர் தானாக குடிமகன் ஆகிவிட முடியாது. ஆதார் குடியுரிமைக்கு சான்று இல்லை என்று ஆதார் சட்டமே சொல்கிறது.

1955-ம் ஆண்டு குடியுரிமை சட்டப்படி, மனு போடுவதற்கு முந்தைய 12 மாதம் தொடர்ந்து இந்தியாவில் இருந்திருக்க வேண்டும். அதற்கு முந்தைய 14 வருஷத்தில் மொத்தம் 11 வருஷம் இங்கே வசித்திருக்கணும். நம் நாட்டு மொழி ஒன்று தெரிய வேண்டும். தமிழே போதும், இந்தி தேவையில்லை! இந்தியரை கல்யாணம் செய்தவர் 7 வருஷம் இங்கே வசித்தாலே, பதிவு முறையில் குடியுரிமை கேட்கலாம்.

தாம்பரத்துக்காரர்கள் மனு செங்கல்பட்டு கலெக்டர், மாநில அரசு வழியாக டெல்லிக்கு போகும். ஓ.கே. ஆனால் பழைய நாட்டு குடியுரிமையை விட்டுவிட்டு, உறுதிமொழி எடுக்க வேண்டும்.

சிக்கல் எங்கே என்றால், பாஸ்போர்ட், விசா இல்லாமல் வந்தவர்களை சட்டம் 'சட்டவிரோத குடியேறி' என்கிறது. போருக்கு பயந்து படகில் ராமேசுவரம் வந்த இலங்கை தமிழர்கள் இதில்தான் மாட்டுகிறார்கள். 30 வருஷம் இருந்தாலும் கணக்கில் வராது. 2019 சட்ட திருத்தம் பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தானில் இருந்து வந்த 6 மதத்தினருக்கு சலுகை தந்தது. இலங்கை அதில் இல்லை.

பெற்றோரில் ஒருவர் இப்படி வந்திருந்தால், 3-12-2004 முதல் பிறந்த பிள்ளையும் பிறப்பால் இந்தியர் ஆகாது. ஆனால் 26-1-1950 முதல் 30-6-1987 வரை இந்திய மண்ணில் பிறந்தவர், அகதி பிள்ளையானாலும் பிறப்பாலேயே குடிமகன். 2022-ல் ஐகோர்ட்டு மதுரை கிளை இதை ஏற்று, முகாமில் பிறந்த ஒரு பெண்ணுக்கு பாஸ்போர்ட் வழங்க உத்தரவிட்டது. அந்த தேதிக்குள் பிறந்தவர்கள் பிறப்பு சான்றிதழை பத்திரமா வைத்துக்கொள்வது நல்லது.