ஊர் மைதானத்துக்கு ஒரு மகமை!

ஏலக்காயில் இலைப்பேன், தண்டுத் துளைப்பான், அழுகல் நோய்... போடிமெட்டு பக்கத்திலிருந்து நமக்கு வரும் கேள்விகள் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும். சென்ற மாதம் வந்த கடிதம் வேறு மாதிரி. மலையடிவார கிராமத்தைச் சேர்ந்த ஏலக்காய் விவசாயி ஒருவர் எழுதியிருந்தார். 'எங்கள் ஊரில் தாத்தா காலத்திலிருந்து பையன்கள் கிரிக்கெட் ஆடிய பொட்டல் ஒன்று இருக்கிறது. இப்போது பாதி சீமைக்கருவேல முள், மீதி குப்பை மேடு. ஊரே பணம் போட்டுச் சீர்செய்யலாம் என்று பேசிக்கொண்டிருக்கிறோம். எதில் தொடங்குவது?'

போனில் பிடித்தோம்.

''அய்யா, அந்த இடம் யார் பேர்ல இருக்கு?''

''ஊர் இடம்தான் தம்பி. எங்கப்பா காலத்துலயே ஊர் இடம்தான்.''

''அ-பதிவேட்டுல பார்த்தீங்களா?''

கொஞ்ச நேரம் பதில் இல்லை. ''அதெல்லாம் எதுக்குப்பா? ஊருக்கே தெரியுமே!''

இந்த 'ஊருக்கே தெரியும்' என்ற வார்த்தையில்தான் பல மைதானங்கள் கைவிட்டுப் போயிருக்கின்றன. வசூலில் ஒரு ரூபாய் வாங்குவதற்கு முன்னால் கிராம நிர்வாக அலுவலரிடம் போய், அந்தப் புல எண்ணுக்கு அ-பதிவேடும் புல வரைபடமும் பார்த்துவிட வேண்டும். அ-பதிவேட்டை அரசின் இணையச் சேவையிலும் பார்க்கலாம். மந்தைவெளி, மேய்க்கால், களம், கிராம நத்தம், ஓடை, குளம் என்று எது எழுதியிருக்கிறதோ, அதை வைத்துத்தான் அடுத்த வேலை. பட்டா நிலம் என்று வந்தால் உரிமையாளர் எழுதிக் கொடுக்காமல் ஒரு கூடை மண்கூடக் கொட்டக் கூடாது.

நம் பக்கத்தில் ஒரு சிக்கல் உண்டு. கோடையில் காய்ந்து கிடக்கும் கண்மாய்தான் பல ஊர்களுக்குக் கிரிக்கெட் மைதானம். தண்ணீர் வற்றினால் ஸ்டம்ப் நடுவார்கள், மழை வந்தால் பிடுங்குவார்கள். அதில் தப்பு ஒன்றும் இல்லை. ஆனால், 'மைதானத்தைச் சீர்செய்கிறோம்' என்று அங்கே மண்ணடித்து மேடாக்கினால் அது ஆக்கிரமிப்பு. 2011 ஜனவரியில் ஜக்பால் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம், கிராமப் பொது நிலத்தில் உள்ள ஆக்கிரமிப்புகளை அகற்ற எல்லா மாநிலங்களும் திட்டம் வகுக்க வேண்டும் என்று உத்தரவிட்டது. அந்த வழக்கே பஞ்சாபில் ஓர் ஊர்க்குளத்தை மூடியதில் வந்ததுதான். மந்தைவெளியை யாராவது வளைத்திருந்தால் இந்தத் தீர்ப்பு நமக்குத் துணை. குளத்தை நாமே மூடினால் அதே தீர்ப்பு நமக்கு எதிரி.

மலைமேல் இருப்பவர்களுக்கு இன்னொன்று. மலைப்பகுதியாக அறிவிக்கப்பட்ட கிராமங்களில் மரம் வெட்டவும், மண் அள்ளும் இயந்திரம் இறக்கவும் முன் அனுமதி தேவை. 'முள்ளுதானே, ஒரு நாள் வேலை' என்று ஜே.சி.பி-யைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டு அப்புறம் அலைய வேண்டாம்.

நிலம் சரி என்றால் அடுத்தது கிராமசபை. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என வருடத்துக்கு ஆறு முறை கூடுகிறது. புல எண்ணைக் குறிப்பிட்டு, 'விளையாட்டு மைதானமாகப் பராமரிப்பது' என்று தீர்மானம் போட்டு, அதன் நகலை வாங்கிப் பத்திரமாக வைத்துக்கொள்ள வேண்டும்.

இனி பணம். ஊர்ப்பணம் என்பது நமக்குப் புதிய சங்கதி இல்லை. தெற்கே மூட்டைக்கு இவ்வளவு என்று வியாபாரிகள் ஒதுக்கிய மகமையில் எத்தனை பள்ளிக்கூடங்கள் எழுந்தன! விருதுநகரில் 1889-ல் தொடங்கிய சத்திரிய வித்தியாசாலை, வீட்டுக்கு வீடு பெண்கள் எடுத்து வைத்த பிடியரிசியில் வளர்ந்தது. சமைக்கும் அரிசியில் தினமும் ஒரு கைப்பிடி, அவ்வளவுதான். ஏலக்காய் ஊர்களில் இதை எடைக் கணக்கில் செய்யலாம். ஒவ்வொரு பறிப்புக்கும் கிலோவுக்கு இத்தனை ரூபாய் என்று ஊர் கூடி முடிவு செய்தால், விலை நன்றாக இருக்கும்போது யாருக்கும் பாரம் தெரியாது. விலை விழுந்த வருடம் குறைத்துக்கொள்ளலாம்.

பேராவூரணி, கீரமங்கலம் பக்கம் ஆடி மாதத்தில் மொய் விருந்து நடக்கும். சில வாசகர்கள் 'அதுபோல் செய்யலாமே' என்பார்கள். என்னைக் கேட்டால், வேண்டாம். மொய் என்பது திருப்பிச் செய்ய வேண்டிய கடன். மைதானம் யாருக்குத் திருப்பி எழுதும்? ஆனால் அதே பேராவூரணியில் கற்றுக்கொள்ள வேறொன்று இருக்கிறது. 2018 நவம்பரில் கஜா புயல் தென்னையை எல்லாம் சாய்த்துப் போட்ட பிறகு, அங்குள்ள இளைஞர்கள் 'கைஃபா' என்ற கடைமடை விவசாயிகள் அமைப்பைத் தொடங்கி, 2019-ல் 564 ஏக்கர் பெரியகுளம் ஏரியை மக்கள் பணத்தில் தூர்வாரினார்கள். உள்ளூர்க்காரர்கள், வெளிநாட்டில் வேலை பார்ப்பவர்கள் என்று பல கைகள் சேர்ந்த பணம் அது. அரை ஆயிரம் ஏக்கர் ஏரியை முடிக்க முடிந்திருக்கிறது. நாம் பேசுவது மூன்று ஏக்கர்கூட இல்லை. நடுவிலிருந்து எல்லைக்கோடு 60 மீட்டர் என்று வைத்தால் மொத்தமே சுமார் 2.8 ஏக்கர்தான் வரும்.

வசூல் செய்தவுடன் ரசீது, இரண்டு மூன்று பேர் கூட்டாகக் கையெழுத்திடும் வங்கிக் கணக்கு. ஏழு பேர் சேர்ந்தால் சங்கமாகவே பதிவு செய்யலாம். தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் 1975 அதற்கு இடம் தருகிறது. கணக்கை மாதம் ஒருமுறை டீக்கடைச் சுவரில் ஒட்டிவிடுங்கள். வாட்ஸ்அப்பில் போட்டால் போதாதா என்பார்கள். வாட்ஸ்அப்பில் இல்லாத பாட்டிதான் முதல் ஐம்பது ரூபாயைக் கொடுத்திருப்பார்.

வசூலித்த பணத்தை அப்படியே செலவழிக்காமல் முதலீடாக வைத்து அரசுப் பணத்தையும் கொண்டுவரலாம். 1997-98-ல் தொடங்கிய 'நமக்கு நாமே திட்டம்', இடையில் 'தன்னிறைவுத் திட்டம்' என்று பெயர் மாறி, 2021-ல் மீண்டும் பழைய பெயருக்கு வந்திருக்கிறது. மதிப்பீட்டில் குறைந்தது மூன்றில் ஒரு பங்கை மக்கள் கட்டினால், மீதியை அரசு தரும். பாதிக்கு மேல் மக்களே கட்டினால், வேலையையும் நாமே எடுத்துச் செய்யக் கேட்கலாம். மாவட்ட ஊரக வளர்ச்சி முகமையில் விசாரியுங்கள். தனியார் இடத்துக்கு இது கிடையாது. அதனால்தான் முதலிலேயே அ-பதிவேடு, அ-பதிவேடு என்று சொல்லிக்கொண்டிருந்தோம். இதெல்லாம் உடனே நடக்கும் என்று சொல்ல மாட்டேன். 2010 கடைசியில் நின்ற ரயில் 2023 ஜூன் 15-ல்தான் போடிக்குத் திரும்பி வந்தது. காத்திருப்பதைப் போடிக்காரர்களுக்கு யாரும் கற்றுத்தர வேண்டாம்.

ஒரு விஷயத்தை மட்டும் சுற்றி வளைக்காமல் சொல்லிவிட வேண்டும். தலைக்கட்டு வரி முறையில் வசூல் செய்யும்போது, யார் தலைக்கட்டு என்ற கேள்வி வரும். கோயில் வரிப் பட்டியலையே எடுத்துக்கொண்டால் கீழத்தெரு விட்டுப்போகும், தனியாக இருக்கும் பெண்கள் விட்டுப்போவார்கள். ஒரு தெருவின் பணத்தில் எழும் மைதானம் அந்தத் தெருவின் மைதானமாகவே நின்றுவிடும். விடியற்காலையில் ஜீப் ஏறி மலைக்கு வேலைக்குப் போகிற அம்மாவின் மகனும் மகளும் அங்கே ஆட முடியவில்லை என்றால், அதற்கு ஊர்மைதானம் என்று பெயர் எதற்கு? பத்து ரூபாய் ஆனாலும் எல்லாத் தெருவிலும் வாங்குங்கள். கமிட்டியிலும் எல்லாத் தெருவும் இருக்கட்டும்.

இப்போது மண்ணுக்கு வருவோம். இதில் விவசாயிக்குத் தெரியாதது எதுவும் இல்லை. சீமைக்கருவேலத்தை வெட்டினால் போதாது, வேர்த்தூரோடு தோண்டி எடுக்காவிட்டால் அடுத்த மழைக்குத் துளிர்த்து நிற்கும். சரிவான இடம் என்பதால் மேட்டுப்பக்கம் ஒரு வாய்க்கால் வெட்டி, மழைநீரை மைதானத்துக்குள் வராமல் திருப்ப வேண்டும். நடுப்பகுதி சற்றே உயர்ந்து ஓரம் தாழ்ந்திருந்தால் ஐப்பசி மழையிலும் தேங்காது.

ஆடுகளம் 66 அடி நீளம், 10 அடி அகலம். மேலே நான்கு அங்குலம் களிமண் போட சுமார் 220 கன அடி வேண்டும். ஸ்டம்புக்குப் பின்னால் நீட்டவும், உருளை ஓட்டி இறுக்கியதும் குறைவதற்கும் கொஞ்சம் கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள். மலையின் பொலபொலப்பான மண் இதற்கு உதவாது. ஈரமண்ணை எலுமிச்சை அளவு உருட்டி நிழலில் காயவைத்து, ஒரு வாரம் கழித்து நசுக்கிப் பாருங்கள். சுலபத்தில் உடையாமல் கல்போல் இருந்தால் அது ஆடுகள மண். தரையிறங்கினால் கண்மாய் வண்டல் கிடைக்கும். ஆனால் தாசில்தார் தரும் வண்டல் அனுமதி விவசாயத்துக்கும் மண்பாண்டத்துக்கும்தான். மைதானத்துக்கு என்றால் அதைச் சொல்லியே கேளுங்கள். அவ்வளவு அலைய முடியாது என்றால் சிமென்ட் தளமும் மேலே தேங்காய்நார்ப் பாயும் போதும்.

புல்லுக்குக் காசு செலவழிக்காதீர்கள். நாம் வயலில் களை என்று பிடுங்கிப் போடுகிற அருகம்புல்லைத்தான் ஆஸ்திரேலியாவில் மைதானத்துக்கென்று வளர்க்கிறார்கள். பிடுங்கியதை மைதானத்தில் நட்டுத் தண்ணீர் விடுங்கள்.

கிராமத்தில் கிரிக்கெட் மைதானம் ஆகிற காரியமா என்று சந்தேகப்படுபவர்கள் சேலம் மாவட்டம் சின்னப்பம்பட்டிக்குப் போய்ப் பார்க்கலாம். டென்னிஸ் பந்தில் ஆடிப் பழகி, 2020 டிசம்பரில் இந்திய அணிக்கு ஆடிய நடராஜன், சொந்த ஊரில் மைதானம் அமைத்தார். 2023 ஜூன் 23-ல் தினேஷ் கார்த்திக் திறந்து வைத்தார். எல்லா ஊருக்கும் ஒரு நடராஜன் கிடைப்பதில்லை என்பதும் உண்மைதான். இலங்கையில் காலி மைதானம் 1876-ல் குதிரைப் பந்தயத்துக்காக உருவானது. 2004 சுனாமியில் அதன் மேல் கடலே ஏறியது. பல நாட்டுக் கிரிக்கெட் சங்கங்களும் ஆட்டக்காரர்களும் உதவ, 2007 டிசம்பரில் இங்கிலாந்துடன் டெஸ்ட் நடந்தது. ஜெயவர்த்தனே ஆட்டமிழக்காமல் 213 ரன் எடுத்தார்.

பெரிய ஊர்களை விடுவோம். இங்கிலாந்தில் ஹாம்பில்டன் என்ற கிராமத்து அணி 1777-ல் நாட்டு அணியையே தோற்கடித்தது. அவர்களுக்குப் பெயர் வாங்கித் தந்த பிராடாஃப்பென்னி மேட்டில் பிறகு நெடுங்காலம் பெரிய ஆட்டமே இல்லை. 1908-ல் அங்கே நினைவுக்கல் நாட்டினார்கள், கூடவே ஆட்டமும் நடத்தினார்கள். 1959-ல் அந்த இடத்துக்கென்றே ஒரு கிளப் தொடங்கி இன்றும் ஆடுகிறார்கள். ஆள் நடமாட்டம் இருக்கிற இடத்தில்தான் முள் முளைப்பதில்லை. அறுவடை சமயத்தில் நாலு நாள் தானியம் காயப்போட இடம் விடுவது, மாடு கட்ட ஓர் ஓரம் ஒதுக்குவது போன்ற ஏற்பாடுகளையும் பேசி எழுதி வைத்துக்கொண்டால், பெரியவர்களும் மைதானத்தைத் தங்களுடையதாக நினைப்பார்கள்.

பத்து நாள் கழித்து அந்த ஏலக்காய் விவசாயியே கூப்பிட்டார்.

''தம்பி, அ-பதிவேட்டைப் பார்த்துட்டோம். முக்கால்வாசி மந்தைவெளிதான். கிழக்கு ஓரம் மட்டும் ஓடைப் புறம்போக்குன்னு போட்டிருக்கு.''

''அப்ப அந்தப் பக்கம் எல்லைக்கோட்டை உள்ளே தள்ளிப் போட்டுருங்க அய்யா. ஓடை ஓடட்டும்.''

''பையன்க சிக்ஸர் சுலபமாயிரும்னு சந்தோஷப்படுறானுக'' என்று சிரித்தார்.