படம் தாங்கும் தாள்

நுழையும் முன்

கைப்பேசியில் எடுக்கப்படும் நிழற்படங்கள் நாள்தோறும் பெருகுகின்றன. ஆனால் கையில் ஏந்திப் பார்க்கவும், சுவரில் மாட்டவும், ஊரில் இருக்கும் தாத்தா பாட்டிக்கு அனுப்பவும் ஏற்ற படங்கள் வீடுகளில் அருகிவருகின்றன. வீட்டு அச்சுப்பொறியிலேயே நல்ல படங்களை அச்சிட இயலும். அதற்குத் தகுந்த தாள் வேண்டும். அத்தாளைத் தேர்ந்தெடுக்கும் முறையை இப்பாடம் விளக்குகிறது.

படத்தின் மதிப்பு

பணியின் பொருட்டு ஊர்விட்டு ஊர் பெயர்ந்து வாழும் குடும்பங்களில் நிழற்படங்களுக்குத் தனி மதிப்பு உண்டு. மாற்றல் ஆணை வந்து வீட்டைக் காலி செய்யும்போது பல பொருள்கள் கைவிடப்படும். படத்தொகுப்பு மட்டும் துணிகளுக்கு இடையே பத்திரமாக வைக்கப்பட்டு அடுத்த ஊருக்கும் வந்து சேரும். நேரில் காணாத கொள்ளுத் தாத்தாவைக் குழந்தைகள் அறிந்துகொள்வது அத்தகைய படங்களின் வழியாகவே.

கைப்பேசி பழுதுற்றாலோ தொலைந்தாலோ, வேறிடத்தில் சேமிக்கப்படாத படங்கள் அதனோடு மறைந்துவிடும். அச்சிட்ட படத்துக்கு அந்த இடர் இல்லை. எனினும் பொருந்தாத தாளில் அச்சிட்ட படம் சில ஆண்டுகளிலேயே நிறம் மங்கிப் பயனற்றுப் போகும். ஆகவே, தாளைத் தேர்ந்தெடுப்பது அழகு தொடர்பானது மட்டுமன்று. படத்தின் ஆயுளும் அதைச் சார்ந்ததே.

சாதாரணத் தாளில் என்ன நிகழ்கிறது?

மை பீச்சும் அச்சுப்பொறி மிக நுண்ணிய துளிகளைத் தாளின்மீது தெளிக்கிறது. ஒரு லிட்டர் மையை இலட்சம் கோடிப் பங்குகளாகப் பிரித்தால், அவற்றுள் ஒரு சில பங்குகளே ஒரு துளியின் அளவு. இத்தகைய துளிகள் பல நிறங்களில் நெருங்கி அமைவதால் படம் உருவாகிறது.

சாதாரணத் தாள் மரநார்களின் பின்னல். அதில் விழும் துளி நார்களின் வழியே நாற்புறமும் ஊறிப் பரவும். ஒரு துளி அடுத்த துளியோடு கலக்கும். அதனால் முகத்தின் கோடுகள் கலங்கும், நிறங்கள் வெளிறும், ஈரம் மிகுந்த இடத்தில் தாள் நெளியும். கடிதம் அச்சிடுவதற்கு ஏற்ற தாள் முகத்தை அச்சிடுவதற்கு ஏலாமற் போவது இதனால்தான்.

படத்தாளின் மேற்பரப்பில் மையை ஏற்பதற்கெனத் தனிப் பூச்சு உண்டு. துளி விழுந்த இடத்திலேயே அப்பூச்சு அதைப் பற்றிக்கொள்கிறது. அதனால் கண்ணிமையின் மயிரும் சேலைக் கரையின் நெய்தலும் தெளிவாகப் பதிகின்றன.

பளபளப்பு, வழவழப்பு, சொரசொரப்பு

தாளின் பரப்பைக் குறிக்கத் தமிழில் அழகிய சொற்கள் உள்ளன. பளபளப்பைக் கண் அறியும். வழவழப்பையும் சொரசொரப்பையும் விரல் அறியும். இவை ஒன்றோடொன்று தொடர்புடையவை. வழவழப்பான பரப்பில் படும் ஒளி ஒரே திசையில் திரும்பிச் செல்கிறது, அப்பரப்பு பளபளக்கிறது. சொரசொரப்பான பரப்பில் படும் ஒளி எல்லாத் திசைகளிலும் சிதறுகிறது. சிதறிய வெள்ளொளி படத்தின் நிறங்களோடு கலந்து கண்ணை அடைவதால், கறுப்பு சாம்பலாகவும் சிவப்பு வெளிறியும் தோன்றும். பளபளப்பான தாளில் கறுப்பு ஆழமாகவும் பிற நிறங்கள் செறிவாகவும் தெரிவதற்குக் காரணம் இதுவே.

பளபளப்புக்குக் குறைகளும் உண்டு. சன்னல் அல்லது விளக்கின் எதிரொளி படத்தை மறைக்கும். விரல் பட்ட இடத்தில் ரேகை பதியும். எனவே பயன்பாட்டை எண்ணித் தாளின் வகையை முடிவு செய்தல் வேண்டும்.

1. பளபளப்புத் தாள்: படத்தொகுப்பில் வைக்கும் படங்களுக்கும், வண்ணம் மிகுந்த திருவிழா, திருமணப் படங்களுக்கும் ஏற்றது.

2. இளம்பளபளப்புத் தாள்: மெல்லிய மினுமினுப்பு உடையது. பலர் கைமாற்றிப் பார்க்கும் படங்களுக்கு ஏற்றது. விரல் ரேகை அவ்வளவாகத் தெரியாது.

3. பளபளப்பற்ற தாள்: கடைகளில் 'மேட்' எனப்படும். விளக்குக்கு எதிரே சுவரில் மாட்டும் படங்களுக்கும், கறுப்பு வெள்ளைப் படங்களுக்கும், எழுத்துகள் கலந்த வாழ்த்து அட்டைகளுக்கும் ஏற்றது.

எடையை அறிதல்

தாள் உறையின்மீது 180 ஜி.எஸ்.எம்., 230 ஜி.எஸ்.எம்., 270 ஜி.எஸ்.எம். என அச்சிடப்பட்டிருக்கும். ஒரு சதுர மீட்டர் தாளின் எடை எத்தனை கிராம் என்பதை இவ்வெண் குறிக்கும். ஏ4 அளவுத் தாள்கள் பதினாறு சேர்ந்தால் ஒரு சதுர மீட்டர் ஆகும். எனவே 80 ஜி.எஸ்.எம். கொண்ட ஏ4 தாள் ஒன்றின் எடை 5 கிராம், 240 ஜி.எஸ்.எம். தாள் ஒன்றின் எடை 15 கிராம்.

எடை மிகுந்த தாள் கையில் விறைப்பாக நிற்கும், எளிதில் மடங்காது. அதனாலேயே அது தரத்தில் உயர்ந்தது என்று கொள்ளுதல் கூடாது. தரத்தை முடிவு செய்வது மேற்பூச்சே. மேலும், ஒவ்வோர் அச்சுப்பொறிக்கும் ஏற்கத்தக்க எடைக்கு ஓர் எல்லை உண்டு. அதைக் கையேட்டில் பார்த்துத் தெளிந்த பின்னரே தாள் வாங்க வேண்டும். தடித்த தாள் உருளைகளுக்கு இடையே சிக்கினால், தாளோடு பொறிக்கும் கேடு நேரலாம்.

தாளின் அடியில் இருப்பது என்ன?

பளபளப்புத் தாள்கள் பார்வைக்கு ஒன்றுபோல் தோன்றினாலும் அவற்றின் அமைப்பு வேறுபடும். விலை குறைந்தவற்றில் காகிதத்தின்மீது ஒருபுறம் மட்டும் பூச்சு இருக்கும். பின்புறம் வெறும் காகிதமே. மழைக்காலத்தில் இக்காகிதம் காற்றின் ஈரத்தை உறிஞ்சிச் சுருளும். மும்பை, கொல்கத்தா போன்ற ஈரக்காற்று மிகுந்த நகரங்களில் இதனை எளிதில் காணலாம்.

மற்றொரு வகையில் காகிதத்தின் இருபுறமும் மெல்லிய நெகிழிப் படலம் இருக்கும். அதன்மேல் மை ஏற்கும் பூச்சு அமையும். உறையில் 'ஆர்.சி.' என்ற குறிப்பு இதனை உணர்த்தும். ஈரம் காகிதத்தை அடையாமையால் படம் நெளியாது. நெடுநாள் காக்க வேண்டிய படங்களுக்கு இதுவே பொருத்தமானது. பள்ளிச் செயல்திட்டத்தில் ஒட்டும் படங்களுக்கு விலை குறைந்த தாளே போதும்.

மையும் பொறியும்

வீட்டு அச்சுப்பொறிகளில் இருவகை மைகள் பயன்படுகின்றன. சாய மையில் நிறப்பொருள் நீர்மத்தில் முற்றிலும் கரைந்திருக்கும். அது பூச்சினுள் இறங்குவதால் பளபளப்புக் கெடாது, நிறமும் ஒளிரும். ஆனால் வெயிலிலும் திறந்த காற்றிலும் அது விரைவில் மங்கக்கூடும். நிறமி மையில் நிறப்பொருள் நுண்துகள்களாக மிதக்கும். அத்துகள்கள் தாளின் மேற்பரப்பில் தங்குகின்றன. இம்மை நெடுநாள் மங்காது; எனினும் சில பளபளப்புத் தாள்களில் ஒட்டாமல் தேய்ந்து வரும். எனவே தன் பொறியில் உள்ள மை எவ்வகை என்பதை அறிந்து, அம்மைக்கு ஏற்றது என உறையில் குறிக்கப்பட்ட தாளை வாங்குதல் வேண்டும்.

எச்சரிக்கை ஒன்று இன்றியமையாதது. மை பீச்சும் பொறிக்கு உரிய படத்தாளை லேசர் அச்சுப்பொறியில் இடவே கூடாது. லேசர் பொறி மைத்தூளைக் கடும் வெப்பத்தால் உருக்கிப் பதிக்கிறது. அவ்வெப்பத்தில் தாளின் நெகிழிப் படலமும் உருகி, உருளையில் ஒட்டிக்கொள்ளும், பொறி பழுதுறும்.

அளவும் சட்டகமும்

நிழற்படத்துக்குப் பெரிதும் வழங்கும் அளவு 4 அங்குலத்துக்கு 6 அங்குலம். இதில் பக்கங்களின் விகிதம் 2:3. பெரும்பாலான கைப்பேசிப் படங்களின் விகிதமோ 3:4. அப்படத்தை 6 அங்குல நீளத்துக்குப் பெரிதாக்கினால் அதன் அகலம் 4.5 அங்குலம் ஆகும். தாளின் அகலம் 4 அங்குலமே என்பதால் அரை அங்குலம் வெட்டுப்படும். குடும்பப் படத்தில் அந்த அரை அங்குலத்தில் பின்வரிசையில் நிற்கும் சித்தப்பாவின் தலை இருக்கலாம். தரையில் அமர்ந்த குழந்தையின் கால்கள் இருக்கலாம். எனவே அச்சிடும் முன் திரையில் முன்தோற்றத்தைப் பார்த்தல் வேண்டும். படத்தை முழுமையாக அச்சிட விரும்பினால் இருபுறமும் வெள்ளை ஓரம் விட்டு அச்சிடலாம்.

படம் தெளிவாக அமைய, ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளிகள் இருத்தல் நன்று. இவ்வளவில் 4 × 6 அங்குலப் படத்துக்கு 1200 × 1800 புள்ளிகள் போதும். இன்றைய கைப்பேசிகள் இதனினும் மிகுதியான புள்ளிகளையே பதிவு செய்கின்றன. ஆனால் செய்திச் செயலிகளின் வழியே பலர் கைமாறி வந்த படம் சுருக்கப்பட்டிருக்கும். ஆகவே படத்தை எடுத்தவரிடமிருந்தே மூலப்படத்தைக் கேட்டுப் பெறுவது சிறந்தது.

அச்சிடலும் பேணலும்

முதலில் சிறிய கட்டு ஒன்றையே வாங்க வேண்டும். ஒரு தாளில் அச்சிட்டுப் பார்த்து மனநிறைவு ஏற்பட்ட பின்னர்ப் பெரிய கட்டு வாங்கலாம். அச்சிடும்போது கணினியில் தாளின் வகையைப் 'பளபளப்புப் படத்தாள்' எனத் தேர்ந்தெடுத்தல் வேண்டும். சாதாரணத் தாள் எனக் குறித்திருந்தால் மையின் அளவு பொருந்தாது. விலையுயர்ந்த தாளும் வீணாகும். பளபளக்கும் பக்கமே அச்சிடும் பக்கம். தாளை எப்போதும் ஓரங்களில் பிடித்தே எடுக்க வேண்டும்.

அச்சிட்ட படம் தொட்டால் காய்ந்ததுபோல் தோன்றினும், ஒரு நாள் காற்றாட வைத்த பின்னரே தொகுப்பிலோ சட்டகத்திலோ இடுதல் நன்று. ஈரம் தங்கிய பளபளப்புப் படம் கண்ணாடியோடு ஒட்டிக்கொள்ளும். பிரித்தால் முகமே கிழியும். கண்ணாடிக்கும் படத்துக்கும் இடையே சற்று இடைவெளி இருக்குமாறு அட்டைச் சட்டம் வைப்பர். நேர் வெயில் படும் சுவரில் படத்தை மாட்டுதல் கூடாது. எஞ்சிய தாள்களை உறையிலிட்டு, காற்றுப் புகாமல் மூடி, படுக்கைவாட்டில் வைக்க வேண்டும்.

நூறு படங்கள் தேவைப்படின் படநிலையத்தில் அச்சிடுவதே சிக்கனம். தாள், மை ஆகியவற்றின் விலையைக் கூட்டிப் பார்த்தால் இது விளங்கும். ஐந்தாறு படங்களை உடனே அச்சிடுவதற்கும், கண்முன் திருத்தி அச்சிடுவதற்கும் வீட்டுப் பொறி உதவும்.

படம் நன்கு காய்ந்தபின் அதன் பின்புறத்தில், அழியா மையால், அழுத்தாமல் எழுத வேண்டியன சில உண்டு: படத்தில் இருப்போரின் பெயர், உறவுமுறை, ஊர், நாள். தாள் நல்லதாயின் முகம் மங்காமல் இருக்கும். அம்முகத்துக்கு உரியவர் அத்தையா, பெரியம்மாவா என்பதைத் தாள் சொல்லாது. அதை எழுதி வைப்பவரே சொல்ல இயலும். தமிழில் எழுதக் கற்ற பிள்ளைகள் வீட்டில் இப்பணியை ஏற்கலாம்.

தெரிந்து தெளிவோம்

கணினி அச்சுப்பொறிகள் வருமுன், வெள்ளிச் சேர்மம் பூசிய தாளில் இருட்டறையில் படங்கள் உருவாக்கப்பட்டன. அத்தகைய தாளையும் படச்சுருளையும் நம் நாட்டிலேயே உருவாக்க, தமிழ்நாட்டின் உதகமண்டலத்தில் 1960ஆம் ஆண்டு இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் என்னும் பொதுத்துறை நிறுவனம் தொடங்கப்பட்டது. அதன் பொருள்கள் 'இந்து' என்னும் பெயரில் விற்பனையாயின. நாளடைவில் படச்சுருளின் தேவை குறைந்தது, ஆலையும் மூடப்பட்டது. ஆலை அமைந்த பகுதிக்கு இந்து நகர் என்பது பெயர்.

சொல்லும் பொருளும்

அருகிவருதல் – குறைந்துவருதல்
இடர் – துன்பம்
செறிவு – அடர்த்தி
நெகிழி – பிளாஸ்டிக்
நிறமி – நிறம் தரும் நுண்துகள்
சட்டகம் – படத்தைச் சுற்றி அமையும் சட்டம்
பேணல் – காத்தல்

பயிற்சி

அ. ஓரிரு தொடர்களில் விடை எழுதுக.
1. சாதாரணத் தாளில் அச்சிட்ட படம் கலங்குவது ஏன்?
2. 160 ஜி.எஸ்.எம். கொண்ட ஏ4 தாள் ஒன்றின் எடை எவ்வளவு?
3. படத்தாளை லேசர் பொறியில் இடலாகாது என்பதன் காரணம் யாது?

ஆ. பிரித்து எழுதுக.
நிழற்படம், மைத்துளி, படத்தாள், வெள்ளொளி

இ. 'பளபள' என்பது இரட்டைக்கிளவி. பிரித்தால் பொருள் தராது. பாடத்தில் இவ்வாறு அமைந்த வேறு சொற்களைக் கண்டறிந்து, சொந்தத் தொடரில் அமைத்து எழுதுக.

ஈ. செயல்பாடு
வீட்டில் உள்ள பழைய படம் ஒன்றை எடுத்துக்கொள்க. அதில் இருப்போர் யாவர் என்பதைப் பெற்றோரிடம் கேட்டறிந்து, உறவுமுறைகளுடன் ஐந்து தொடர்கள் எழுதுக.