பாலையில் ஒரு வன்னி

இந்தியாவின் மேற்கெல்லையில் இராஜஸ்தானத்தைத் தழுவிப் பரந்து கிடப்பது தார்ப் பாலைவனம். ஜெய்சல்மேர்ப் பக்கத்தில் ஆண்டு மழை 20 சென்டிமீட்டர் அளவே. கோடை வெப்பமோ 50 பாகை செல்சியசை நெருங்கும். காற்று மணலைக் குன்றாகக் குவிக்கும். பின்னர் அதனையே கலைத்து வேறிடஞ் சேர்க்கும்.

இந்நிலத்து மக்கள் உயிரெனப் போற்றுவது வன்னி மரம். விருத்தாசலத்துத் திருக்கோயிலில் தலமரமாக நாம் வணங்கும் வன்னியே அது. அங்கே கேஜ்ரி என்பர். பிற மரங்கள் வாடும் கோடையில் இது தளிர்க்கும்; இதன் வேர் அடியாழத்து நீரைத் தேடிச் செல்வதே காரணம். தழை ஆட்டுக்கும் ஒட்டகத்திற்கும் உணவு; இளங்காயை உலர்த்திவைத்து ஆண்டு முழுதும் கறி சமைப்பர். வேரில் வாழும் நுண்ணுயிர்கள் காற்றிலுள்ள நைட்ரஜனைக் கவர்ந்து மண்ணை வளமாக்குவதால், இதனடியிற் கம்பு செழித்து வளரும். உழவர் இதனை வயல் நடுவிலும் வெட்டாது விடுவது அறியாமையன்று.

1730-ஆம் ஆண்டில் ஜோத்பூர் மன்னரின் ஏவலர், அரண்மனைப் பணிக்குச் சுண்ணாம்பு சுட விறகு வேண்டி, கேஜர்லி என்னும் ஊரின் வன்னிகளை வெட்ட வந்தனர். பிஷ்னோய் சமயத்தவரான அமிர்தா தேவி என்னும் பெண்மணி மரத்தைத் தழுவி நின்றார். கோடரி அவர் தலையைக் கொய்தது. அவர்தம் புதல்வியர் மூவரும், அயலூரார் பலரும் அவ்வாறே நின்று மாண்டனர். மாண்டோர் 363 பேர் என்பர். செய்தி கேட்ட மன்னர், பிஷ்னோய் ஊர்களில் பச்சை மரம் வெட்டுதலை விலக்கி ஆணையிட்டார்.