15 வாட் உலகம்

2022 பிப்ரவரி கடைசியில், மூன்று நாள் இடைவெளியில் இரண்டு பொருள்கள் சந்தைக்கு வந்தன. 25-ஆம் தேதி ‘எல்டன் ரிங்’ என்ற ஜப்பானிய வீடியோ கேம். 28-ஆம் தேதி, அமெரிக்காவின் வால்வ் நிறுவனம் தயாரித்த ‘ஸ்டீம் டெக்’ என்ற கையடக்கக் கேமிங் கணினி. அந்த கேமின் கணினிப் பதிப்பு விண்டோஸுக்காக எழுதப்பட்டது. ஸ்டீம் டெக்கில் விண்டோஸே கிடையாது. உள்ளே ஓடுவது லினக்ஸ். விலை உயர்ந்த விண்டோஸ் கணினிகளில் ‘எல்டன் ரிங்’ அவ்வப்போது திக்கியது. குதிரையில் புதிய இடத்துக்குள் நுழைந்தால் காட்சி ஒரு கணம் உறைந்து, பிறகு துள்ளி நகரும். ஸ்டீம் டெக்கில் அந்தத் திக்கல் வெகுவாகக் குறைந்திருந்தது.

எந்த இயங்குதளத்துக்காக எழுதப்பட்டதோ அதில் தடுமாறிய நிரல், சம்பந்தமே இல்லாத இன்னொன்றில் சீராக ஓடியது எப்படி?

மந்தைவெளியில் இருக்கும் என் அக்கா மகனுக்கு வேலை கிடைத்து முதல் வருஷம். தரமணிக்குப் பறக்கும் ரயிலில் போய் வருகிறான். சம்பளத்தில் மிச்சம் பிடித்து இப்படி ஒரு கைக்கணினி வாங்கப் போகிறானாம். “எது மாமா நல்லது?” என்று ஒரு பட்டியலை அனுப்பினான். எத்தனை கோர், எத்தனை ஜிபி ரேம், திரை எத்தனை அங்குலம் என்று எல்லாம் அதில் இருந்தன. வாட் மட்டும் இல்லை. இயங்குதளம் என்ன என்பதும் இல்லை. இந்தச் சாதனங்களில் மற்ற எண்களையெல்லாம் தீர்மானிப்பவை இந்த இரண்டும்தான்.

மின்சாரக் கணக்கு

மேசைக் கணினியில் கிராஃபிக்ஸ் கார்டு மட்டுமே சில நூறு வாட் இழுக்கும். சுவரில் பிளக் இருக்கிறது, கேட்பாரில்லை. ஸ்டீம் டெக்கின் சிப்புக்கு, ப்ராசசரும் கிராஃபிக்ஸும் சேர்ந்து, உச்சவரம்பே 15 வாட். திரை, நினைவகம், விசிறி, வைஃபை எல்லாம் கூடினால் சுமார் 25 வாட் ஆகும். முதல் மாடலின் பேட்டரி 40 வாட்-மணி. வகுத்துப் பார்த்தால் ஒன்றரை மணி நேரத்துக்குச் சற்றே அதிகம். மொத்தச் செலவை 10 வாட்டுக்குள் அடக்கினால் அதே பேட்டரி நான்கு மணி நேரம் வரும்.

அடக்குவது எப்படி என்பதில்தான் இயற்பியல் நமக்குச் சாதகமாக நிற்கிறது. சிப்பில் உள்ள டிரான்சிஸ்டர்கள் மாறி மாறித் திறந்து மூடச் செலவாகும் மின்திறன், வேகத்தைப் பொறுத்து நேராகவும், மின்னழுத்தத்தைப் பொறுத்து அதன் இருமடியாகவும் கூடும். வேகமாக ஓடவேண்டுமானால் மின்னழுத்தத்தையும் ஏற்றியாக வேண்டும். திருப்பிப் பார்த்தால், வேகத்தைப் பாதியாக்கி, அந்தச் சாக்கில் மின்னழுத்தத்தையும் ஐந்தில் ஒரு பங்கு குறைக்க முடிந்தால், செலவு பாதியோடு நிற்காது. 0.5 × 0.8 × 0.8 என்று பெருக்கினால் 0.32, மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே போய்விடுகிறது. அவசரத்துக்குத்தான் விலை அதிகம்.

ஆகவே கையடக்கக் கணினியில் முக்கியமான கேள்வி, எவ்வளவு வேகமாக ஓடும் என்பதல்ல. எவ்வளவு மெதுவாக ஓடினால் கண்ணுக்குத் தெரியாது என்பதே. கேமில் நொடிக்கு 60 படங்கள் வந்தால் ஒரு படத்துக்கு 16.7 மில்லி நொடி. 30 படங்கள் என்றால் 33.3. இரண்டுக்கும் நடு எது? 45 என்றுதான் சட்டென்று தோன்றும். ஆனால் கண் உணர்வது படங்களுக்கு இடையிலான நேரத்தை. 16.7-க்கும் 33.3-க்கும் நடு 25 மில்லி நொடி; அது நொடிக்கு 40 படங்கள். முப்பதிலிருந்து வெறும் பத்துப் படம் கூட்டினால், அறுபதின் வழவழப்பில் பாதித் தூரம் வந்துவிடுகிறோம். ஆனால் நொடிக்கு 60 முறை புதுப்பிக்கும் திரையில் 40 படங்களைச் சமமாகப் பங்கிட முடியாது. சில படம் ஒரு முறையும் சில படம் இரு முறையும் காட்டப்பட்டு ஓட்டம் இடறும். 2022-இல் ஒரு மென்பொருள் புதுப்பிப்பு மூலம், ஸ்டீம் டெக்கின் திரையையே 40-க்கு இறக்கும் வசதியை வால்வ் தந்தது. ஒரு திருகு கூடக் கழற்றாமல் பேட்டரி நீண்டது.

மந்தைவெளி வாசிக்கு இதில் இன்னொரு எண்ணும் முக்கியம். 2022 ஜூலையில் ஐரோப்பாவை வெப்ப அலை வாட்டியபோது, ஸ்டீம் டெக்குக்கு உகந்த சுற்றுப்புற வெப்பம் 0 முதல் 35 டிகிரி வரை என்று வால்வ் நினைவூட்டியது. சிப் 100 டிகிரியைத் தொட்டால் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும், 105-இல் அணைந்துவிடும். சென்னையின் மே மாதம் 35-ஐ லட்சியம் செய்வதில்லை. சிப்பின் சூட்டைக் காற்றுக்குக் கடத்துவது இரண்டுக்கும் உள்ள வெப்ப வித்தியாசம்தான். காற்றே சூடாக இருந்தால் விசிறி எத்தனை கத்தினாலும் பயன் குறைவு. கத்திரி வெயிலில் வாட்டைக் குறைத்து ஆடுவது சிக்கனம் மட்டுமல்ல, நடைமுறைக் கட்டாயம்.

பின்னணியில் யார்?

இந்த 15 வாட்டும் முழுக்க கேமுக்கே போகிறதா என்பது இயங்குதளத்தின் கையில். விண்டோஸ், அலுவலகம், பிரிண்டர், பத்து வருஷத்துக்கு முந்தைய கணக்குப் போடும் மென்பொருள் என்று சகலத்துக்கும் பிறந்தது. அந்தப் பொறுப்புகளுக்கான சேவைகள் பின்னணியில் விழித்துக்கொண்டே இருக்கும். மேசைக் கணினியில் அந்தச் செலவு தெரியாது. கையில் உள்ள கணினியில், 16 ஜிபி நினைவகத்தை ப்ராசசரும் கிராஃபிக்ஸும் பங்குபோட்டுக்கொள்ளும் இடத்தில், தெரியும்.

இதை மைக்ரோசாஃப்டே ஒப்புக்கொண்டதைப்போல, 2025 அக்டோபரில் கணினி நிறுவனமான ஏசஸுடன் சேர்ந்து ‘ஆர்.ஓ.ஜி. எக்ஸ்பாக்ஸ் அல்லை’ கைக்கணினிகளைக் கொண்டுவந்தது. அவற்றில் விண்டோஸ் தன் வழக்கமான முகப்பை ஏற்றாமல் நேராக கேம் பட்டியலுக்குள் எழும். டெஸ்க்டாப்பும் அதன் உதவி நிரல்களும் இல்லாததால் 2 ஜிபி வரை நினைவகம் மிச்சம் என்றது அந்நிறுவனம்.

தூக்கமும் இதில் சேர்த்தி. மந்தைவெளியில் ஏறி, கிரீன்வேஸ் சாலை, கோட்டூர்புரம் என்று தரமணி போய்ச்சேர அதிக நேரம் ஆகாது. அந்த நேரத்துக்குள் கணினியை எழுப்பி, கேமைத் திறந்து, விட்ட இடத்தைத் தேட முடியாது. ஸ்டீம் டெக்கில் பட்டனை அழுத்தினால், ஓங்கிய வாள் ஓங்கியபடி நிற்க, கேம் அப்படியே நினைவகத்தில் உறைகிறது. ப்ராசசர் நிற்கிறது; நினைவகத்தை உயிரோடு வைக்க மட்டும் துளி மின்சாரம். மறுபடி அழுத்தினால் அதே வாள் இறங்கும். விண்டோஸின் நவீன உறக்கம் செல்போனைப் பார்த்து அமைத்தது. உறங்கும்போதும் இடையிடையே இணையத்தை எட்டிப்பார்க்க விழிக்கும். மின்னஞ்சலுக்கு அது வசதி. பைக்குள் கிடக்கும் கேமிங் கணினிக்கு, பேட்டரி வீணாகும் வழி.

இருட்டில் தேடும் கை

சரி, லினக்ஸ் இலேசானது என்றே வைத்துக்கொள்வோம். விண்டோஸ் கேம் அதில் எப்படி ஓடுகிறது?

கேம் என்பது ப்ராசசருக்கான கட்டளைகளின் தொகுப்பு. கூட்டல், கழித்தல், ஒப்பிடல் போன்றவற்றை ப்ராசசரே நேரடியாகச் செய்துவிடும். அது இன்டெல் அல்லது ஏ.எம்.டி. சிப்பாக இருக்கும்வரை, மேலே விண்டோஸா லினக்ஸா என்று அதற்குத் தெரியாது. சிக்கல் வருவது கோப்பைத் திற, ஒலியை எழுப்பு, படத்தை வரை என்று இயங்குதளத்திடம் உதவி கேட்கும் இடங்களில் மட்டும். வெகுகாலம் குடியிருந்த வீட்டில் மின்தடையன்றும் கை தானாகச் சுவிட்சைத் தேடிப்போகும். வேறு வீட்டிலும் சுவிட்சு போர்டை அதே உயரத்தில், அதே வரிசையில் பொருத்திவிட்டால், சுவருக்குள் ஒயர் எப்படி ஓடினாலும் கைக்கு வித்தியாசம் தெரியாது. விண்டோஸ் தரும் ஒவ்வொரு செயற்கூறுக்கும் அதே பெயரில் ஒன்றை எழுதி, உள்ளே லினக்ஸை வைத்து வேலையை முடிப்பதுதான் ‘வைன்’ என்ற திட்டம்.

1993-இல் தொடங்கியது அது. மறு ஆண்டு முதல் தலைமை ஏற்று நடத்துபவர் அலெக்சாந்தர் ஜூலியார். விண்டோஸின் மூல நிரல் அவர்கள் கையில் இல்லை. இந்தக் கட்டளைக்கு என்ன பதில் வருகிறது, தப்பாகக் கேட்டால் என்ன பிழை வருகிறது என்று வெளியிலிருந்து சோதித்துச் சோதித்தே ஒவ்வொரு சுவிட்சையும் வடித்தார்கள். 1.0 என்று பெயரிட 2008 வரை, பதினைந்து ஆண்டுகள் ஆயின. 2018 ஆகஸ்டில் வால்வ், வைனை அடிப்படையாகக் கொண்டு ‘புரோட்டான்’ என்ற தொகுப்பை வெளியிட்டது. விண்டோஸின் டைரக்ட்எக்ஸ் வரைகலைக் கட்டளைகளை ‘வல்கன்’ என்ற பொது மொழிக்கு மாற்றும் அடுக்கும் அதில் உண்டு. 2025 மார்ச்சில் வந்த, லினக்ஸின் உட்கருவான கெர்னல் 6.14, விண்டோஸ் நிரல்கள் ஒன்றுக்கொன்று காத்திருக்கும் முறையையே தனக்குள் கற்றுக்கொண்டது. முப்பது வருஷம் வெளியே நடந்த வேலை கெர்னலுக்குள் நுழைந்தது.

இப்போது ‘எல்டன் ரிங்’ புதிருக்கு விடை. அந்த கேம் சில தருணங்களில் ஆயிரக்கணக்கான சிறு நினைவகக் கோரிக்கைகளை ஒரே மூச்சில் வைக்கும். அதில் நினைவக நிர்வாகம் திணறும். விண்டோஸில் அதைச் சரிசெய்ய கேமை எழுதியவர்களே வரவேண்டும். லினக்ஸில் கேமுக்கும் கிராஃபிக்ஸுக்கும் நடுவே புரோட்டானின் அடுக்கு நிற்கிறதே! வால்வின் பொறியாளர்கள், அந்த ஒதுக்கீடுகளை விட்டுவிடாமல் சேமித்து மறுபடி பயன்படுத்துமாறு அந்த அடுக்கைத் திருத்தினார்கள். கேமில் ஒரு வரிகூட மாறவில்லை. இதோடு இன்னொரு அனுகூலம்: ஒரே மாடலின் எல்லா ஸ்டீம் டெக்கிலும் ஒரே கிராஃபிக்ஸ் சிப். எப்படி வரைவது என்று கிராஃபிக்ஸ் சிப்புக்குச் சொல்லும் ஷேடர் நிரல்கள் ஒரு கணினியில் தயாரானால், அவற்றை அப்படியே மற்றவற்றுக்கும் அனுப்பிவிடலாம். விதவிதமான கார்டுகள் கொண்ட விண்டோஸ் உலகில் ஒவ்வொரு கணினியும் அதைத் தானே, பெரும்பாலும் ஆட்டத்தின் நடுவில், செய்துகொள்ள வேண்டும்.

திருவான்மியூரில் கிடைத்த பாடம்

என் அக்கா மகன் தினமும் தாண்டிப்போகும் திருவான்மியூர் நிலையத்தை ஒட்டித்தான் டைடல் பார்க். அங்கே இயங்கிய, மத்திய அரசின் கணினி ஆய்வு நிறுவனமான சி-டாக்கின் சென்னை மையத்தில், ‘பாரத் ஆப்பரேட்டிங் சிஸ்டம் சொல்யூஷன்ஸ்’, சுருக்கமாக ‘பாஸ்’, என்ற லினக்ஸ் வடிவம் உருவாகி 2007-இல் வெளிவந்தது. டெபியன் என்ற இன்னொரு லினக்ஸ் வடிவத்தை அடிப்படையாகக் கொண்டது. தமிழ் உட்பட இந்திய மொழிகளில் பேசியது. 2011 செப்டம்பரில் தமிழக அரசு தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில், விண்டோஸோடு பாஸும் ஏற்றப்பட்ட கணினிகள் மாணவர் கைக்கு வந்தன. பாஸ் பக்கம் எட்டிக்கூடப் பார்க்காமல் படிப்பை முடித்தவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். பாஸ் மோசம் என்பதால் அல்ல. நண்பன் பென்டிரைவில் தந்த கேம், கல்லூரியில் கேட்ட மென்பொருள், எல்லாம் மறுபக்கத்தில்தான் ஓடின.

பணபலம் உள்ள வால்வும் அதே குழியில் விழுந்தது. 2015-இல் லினக்ஸ் கொண்ட ‘ஸ்டீம் மெஷின்’ பெட்டிகளைப் பல நிறுவனங்கள் மூலம் விற்றது. கேம்களை லினக்ஸுக்கு மாற்றி எழுதுவார்கள் என்று காத்திருந்தது. எழுதியவர்கள் சிலரே. பெட்டிகள் போன இடம் தெரியவில்லை. புரோட்டான் அந்தத் தோல்வியின் பிள்ளை. மற்றவர்கள் நம் வீட்டுக்கு ஏற்ப மாறட்டும் என்ற எண்ணத்தைக் கைவிட்டு, அவர்களுடைய நிரலை அவர்களுடைய வழக்கப்படியே உட்காரவைக்க முடிவெடுத்த பிறகுதான் லினக்ஸ் கைக்கணினி பிழைத்தது. ஓர் இயங்குதளத்தின் பலம் அதற்கென்று எழுதப்பட்ட நிரல்களின் எண்ணிக்கையில் இல்லை. தன்னை நினைத்துக்கூட எழுதாத நிரலை அது எவ்வளவு நேர்த்தியாக ஓட்டுகிறது என்பதில் இருக்கிறது.

இந்த விருந்தோம்பலுக்கும் எல்லை உண்டு. ‘வாலரன்ட்’ போன்ற போட்டி கேம்கள், ஏமாற்றுபவர்களைப் பிடிக்க விண்டோஸின் கெர்னல் வரை இறங்கிக் காவல் நிற்கும் நிரலோடு வருகின்றன. அந்தக் காவலாளி தேடுவது நிஜமான விண்டோஸ் கெர்னலை. ‘ஏபெக்ஸ் லெஜண்ட்ஸ்’ முதலில் லினக்ஸை அனுமதித்து, 2024 அக்டோபர் இறுதியில் கதவை அடைத்தது. இது தொழில்நுட்பத்தால் மட்டும் தீராது. கேம் நிறுவனம் மனம் வைக்கவேண்டிய விஷயம்.

ஆக, எதை வாங்கலாம்? ஸ்டீம் டெக்கை இந்தியாவில் வால்வ் நேரடியாக விற்பதில்லை. வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால் பழுதுக்கு யாரிடம் போவது என்ற கேள்வி எழும். ஏசஸின் முதல் ‘அல்லை’ 2023 ஜூலையில் 69,990 ரூபாய்க்கு இங்கே கடைக்கு வந்தது, விண்டோஸோடு. ஸ்டீம் டெக்கின் இயங்குதளமான ‘ஸ்டீம்ஓஎஸ்’ஸோ இலவசம். 2025 மே மாதத்தில் லெனோவோவின் ‘லீஜன் கோ எஸ்’ கைக்கணினி அதை அதிகாரபூர்வமாக ஏற்றுக்கொண்டது, ஏ.எம்.டி. சிப் உள்ள வேறு சில கைக்கணினிகளிலும் நாமே நிறுவிக்கொள்ளலாம். வன்பொருளையும் இயங்குதளத்தையும் தனித்தனியாகத் தேர்ந்தெடுக்கும் சுதந்திரம் இப்போது இருக்கிறது.

அவனிடம் நான் கேட்டது ஒன்றுதான்: “யாரோடுடா விளையாடப் போறே?” ஆபீஸ் நண்பர்களோடு ராத்திரி வாலரன்ட் என்றான். அப்படியானால் இந்தியாவில் உத்தரவாதத்தோடு கிடைக்கும் விண்டோஸ் மாடலை வாங்கு, அதை 15 வாட்டில் வைத்து ஆடக் கற்றுக்கொள் என்றேன். நண்பர்கள் கலைந்து, தனியாக ஒரு நீண்ட கதைக்குள் போகத் தோன்றும் நாளில், புதுக் கணினி வாங்க வேண்டியதில்லை. இயங்குதளத்தை மாற்றினால் போதும்.