மாட்டு மூளையில் வியாதிப் புரதத்தைக் காணும் பரீக்ஷை

அடைப்பானால் இறந்த மாட்டின் ஒரு துளி இரத்தத்தைச் சாயமேற்றிப் பூதக்கண்ணாடியில் நோக்கினால் கிருமி புலப்படும். 1986-ம் வருஷம் இங்கிலாந்தில் கண்டறியப்பட்ட "பைத்தியப் பசு" வியாதிக்கு இவ்வழி உதவவில்லை. மாட்டின் மூளையில் இயற்கையாகவே உள்ள பிரையான் என்னும் புரதம் உருத்திரிந்து மூளையைக் கெடுப்பதே அவ்வியாதி. சொந்தப் பொருளாதலால் உடல் அதற்கு மாறாக எதிர்ப்பொருள் எதையும் உண்டாக்குவதில்லை. ஆகவே அந்த எதிர்ப்பொருளை இரத்தத்தில் தேடுவதும் வீணே. மாட்டு மாமிசத்தையும் எலும்பையும் அரைத்துச் சேர்த்த தீனியால் பரவி, அந்நாட்டில் 1,80,000-க்கு மேற்பட்ட மாடுகளை இது பீடித்தது. மனிதருக்கும் இதனால் மூளை வியாதி நேரக்கூடும் என்று 1996-ல் தெரிய வந்தது.

அறுத்த மாட்டின் மாமிசம் கடைக்குப் போகுமுன் உண்மை அறிய வேண்டியிருந்தது. அதற்குக் கைகொடுத்தது, ஸ்விட்சர்லாந்தின் பேஸல் நகரத்து விஞ்ஞானிகள் 1979-ல் வெளியிட்ட முறையொன்று. வெஸ்டர்ன் பிளாட் என்று அதற்குப் பின்னர் பெயர் வந்தது. பிளாட் என்றால் ஒற்றுதல். கர்ணம் தம் கணக்கில் மையொற்றுவதை நினைத்துக்கொண்டால் போதும்.

மூளையின் அடித்தண்டில் சிறு துண்டெடுத்து அரைத்து, புரதங்களைத் தின்னும் என்சைம் ஒன்றை அதில் சேர்க்கிறார்கள். பரீக்ஷையின் உயிர்நிலை இதுவே. ஏனெனில், சுண்டெலியின் உயிரணுக்களைக் கொண்டு தயாரித்த எதிர்ப்பொருள் நல்ல பிரையானையும் கெட்ட பிரையானையும் ஒன்றுபோலவே பற்றும், பேதம் அறியாது. என்சைமோ நல்லதை முழுதும் தின்றுவிடும். கெட்டதில் ஒரு நுனியை மட்டும் கடித்து, மற்றதை விட்டுவிடும்.

பின்பு கரைசலைக் காய்ச்சி, ஜெல்லிப் பலகையில் இட்டு மின்சாரம் செலுத்தினால் சிறு புரதம் முந்தியும் பெரியது பிந்தியும் செல்லும். அவ்வரிசை குலையாமல் மெல்லிய சவ்வுத்தாளில் ஒற்றியெடுப்பர். தாளின் வெற்றிடங்களில் எதிர்ப்பொருள் வீணே ஒட்டாதிருக்க, ஆய்வுக்கூடங்களில் சாதாரணமாய்ப் பூசுவது வெண்ணெய் நீக்கிய பால்பொடிக் கரைசல்! அதன்பின் எதிர்ப்பொருளையும், அதைப் பற்றி ஒளிதரும் இன்னொன்றையும் சேர்த்தால், வியாதியுள்ள மாட்டிற்கு மூன்று கோடுகள் தோன்றும். நுனி இழந்தமையால் அவை வழக்கமான இடத்திற்குச் சற்றுக் கீழே நிற்கும். கீழிறங்காத கோடு தெரிந்தால் என்சைம் சரியாய் வேலை செய்யவில்லை என்று பொருள், மறுபடியும் சோதிக்கவேண்டும்.

ஸ்விட்சர்லாந்தில் 1999 முதல், செத்த மாடுகளையும் அவசரமாய் அறுக்கப்பட்டவற்றையும் இவ்விதம் சோதித்ததில், வியாதியென்று எவரும் ஐயுறாத மாடுகளும் அகப்பட்டன. எனினும் தொற்றிய மாட்டின் மூளையில் கெட்ட புரதம் சேர வருஷக்கணக்காகும். அதுவரை கோடு தோன்றாது. இதனாலேயே ஐரோப்பிய நாடுகளில், பரீக்ஷையில் தேறிய மாடாயினும் குறித்த வயதைக் கடந்திருந்தால் அதன் மூளையையும் தண்டுவடத்தையும் அகற்றி அழிக்கவேண்டுமென்று சட்டம் செய்தார்கள்.